வழக்குப் பொருளுக்கு மறுவீடு

ஏப்ரல் 4, வெள்ளி

கருவூலத்திலிருந்து கோம்பைமடை வன அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து நான் எழுதியதெல்லாம் "பார்வையில் கண்ட கடிதத்தின்படி" என்பது ஒன்றுதான். எம்.ஏ. தமிழ் படித்த ஒருத்தி இப்படித் துருப்பிடித்துக் கிடக்கிறாளே என்று எவருக்கும் தோன்றவில்லை. இன்று ரேஞ்சருக்குத் தோன்றியது. எழுத வேறு ஆளில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எழுத வேண்டியது ஓர் அறிவிப்பு. தவளைகளைப் பற்றி. எனக்குத் தவளை என்றாலே குலை நடுங்கும். ஆனால் காகிதத்தில் இருக்கும் தவளை குதிக்காது என்பதால் ஒப்புக்கொண்டேன்.

டாக்டர் ஷகிலா பானு வந்து விளக்கினார். புதிதாக வந்திருக்கும் கால்நடை மருத்துவர். சின்ன வயதுதான், ஆனால் தவளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். வெளிநாட்டிலிருந்து அழகுக்கு வளர்க்க வாங்கி வரும் தவளைகள் சிலவற்றின் தோலில் ஒரு பூஞ்சைக் காளான் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். தவளை தண்ணீர் குடிப்பதும் தோலால்தான், பாதி மூச்சு விடுவதும் தோலால்தான். தோல் கெட்டால் கதை முடிந்தது. சில நாடுகளில் ஒரு மலையின் தவளைகள் மொத்தமாகவே இல்லாமல் போயிருக்கின்றன. நம் ஊர் ஓடையில் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை இருக்கிறதே, அது இந்த மலையை விட்டால் வேறெங்கும் கிடையாதாம்.

"அதான் மேடம், வெளிநாட்டுத் தவளைன்னா பேப்பர் இருக்கணும், தனியா வெச்சுப் பாக்கணும், டெஸ்ட் பண்ணணும். டெஸ்ட் பண்ணாத எதையும் தண்ணில விடக் கூடாது. இதை ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதணும்" என்றார். அவரே ஒரு வரைவு வைத்திருந்தார். பாதிக்குப் பாதி ஆங்கிலம். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனையையும் அடித்துவிட்டு ஒரே வரியில் முடித்தேன்.

"பூஞ்சைத் தவளைகளை விற்பதும் வாங்குவதும் நீர்நிலைகளில் விடுவதும் தண்டனைக்குரிய குற்றமாகும்."

என்ன கச்சிதம்! வீட்டில் இவரிடம் படித்துக் காட்டினேன். இவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார், பெயர் வெள்ளியங்கிரி. எலும்பும் தோலுமான ஆள். கல்யாணமான புதிதில் என் அம்மாவே "மாப்பிள்ளை கொஞ்சம் பூஞ்சை உடம்பு" என்று வருத்தப்பட்டவர்தான்.

"ஏம்புள்ள, அப்ப என்னையும் விக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை. தமிழ் தெரியாதவர்களோடு எனக்கென்ன பேச்சு.

ஏப்ரல் 5, சனி

அறிவிப்பு அச்சாகி வந்தது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாலையில் இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தேன், பால் வாங்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 9, புதன்

நாச்சிமுத்துவின் மீன் கடையில் ஆய்வு. கடைக்குப் பெயர் 'சொர்க்கம் அக்வேரியம்'. உள்ளே போனால் பாசி நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. டாக்டரும் வந்திருந்தார், நல்லவேளை.

ஒரு கண்ணாடித் தொட்டியில் அது உட்கார்ந்திருந்தது. தென்னமெரிக்காவின் கொம்புத் தவளை. உள்ளங்கை கொள்ளாத அளவு. பச்சை நிறம், கண்ணுக்கு மேலே இரண்டு கூர், உடம்பில் பாதி வாய். எங்கள் பழைய ஹெட் கிளார்க் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்திருக்கும் அதே தோரணை. நான் வாசற்படியிலேயே நின்று ஆய்வு செய்தேன்.

"இது பூஞ்சையா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கண்டிப்பான குரலில் கேட்டேன்.

நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "ஏனுங் மேடம், பாத்தாத் தெரியிலீங்களா? வந்தப்ப பூஞ்சையாத்தானுங் இருந்துச்சு. சட்டம் போட்டிருக்கறதப் பாத்தவுடனே விட்டேனுங்களா? மண்புழுவாப் போட்டுத் தேத்திப்போட்டேன். வேணுங்னா எடை போட்டுக் காட்டட்டுங்களா?"

உண்மையிலேயே தராசை எடுத்து வந்துவிட்டார். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் நீந்திக்கொண்டிருந்த தங்கமீன் படத்தைப் பார்த்தேன். இந்த ஊரில் எழுத்தறிவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

பேப்பர் கேட்டால் இல்லை. சென்னையிலிருந்து யாரோ ஒரு தம்பி பார்சலில் அனுப்பினாராம். டாக்டர் பஞ்சுக் குச்சியால் தவளையின் வயிற்றையும் தொடையையும் தடவி எடுத்துக் குழாயில் போட்டு மூடினார். கோயம்புத்தூர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர ஒரு வாரத்துக்கு மேலே ஆகும். அதுவரை யாருக்கும் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தோம்.

"விக்க மாட்டேனுங்" என்று நாச்சிமுத்து சத்தியம் செய்தார். (12ஆம் தேதி ஓரத்தில் எழுதியது: தானம் கொடுக்க மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவில்லை.)

ஏப்ரல் 10, வியாழன்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. "எங்க கெணத்துல ரெண்டு தவளை ரொம்பப் பூஞ்சையாக் கெடக்குது, வந்து புடிச்சிட்டுப் போறீங்களா, இல்ல எங்க மேல கேஸ் போட்டுருவீங்களா?" என்று ஒருவர் அழாக்குறையாகக் கேட்கிறார். இன்னொருவர், வீட்டுத் தோட்டத்துத் தவளைக்குச் சத்து மாவு கொடுக்கலாமா என்கிறார்.

மதியம் ஒரு பெண்மணி தூக்குச் சட்டியோடு வந்து என் மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒல்லியாக ஒரு தவளை. அது வெளியே வந்தது. அதன்பின் நடந்தவற்றை நான் நாற்காலிமேல் நின்றபடி மேற்பார்வை செய்தேன். நான் கத்தியது ரேஞ்சர் அறைவரை கேட்டது என்று சொல்கிறார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு.

டாக்டர் தவளையைப் பிடித்துச் சட்டியில் போட்டு அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார். "மேடம், நோட்டீஸ்ல அந்தப் 'பூஞ்சை'ங்கற வார்த்தைய..."

"அகராதியில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

மாவு மில் மயிலாத்தாள் அக்கா வீட்டுக்கே வந்தார். ஓடைக்கரை மாரியம்மன் கோயில் கமிட்டியின் தலைவி இவர்தான். மில்லிலிருந்து நேராக வந்ததால் புருவத்திலெல்லாம் மாவு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் பத்திரிகை.

பத்திரிகையை அப்படியே ஒட்டி வைக்கிறேன். மழை வேண்டி நடத்தும் திருக்கல்யாணம். மணமகன் திருநிறைச்செல்வன் மண்டூகராஜன். மணமகள் திருநிறைச்செல்வி ஓடையழகி. புதன்கிழமை காலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்ததும் மணமக்களை ஓடையில் இறக்கி விடுதல், பின்பு அன்னதானம்.

"மழையே இல்ல அம்மிணி. போர்ல தண்ணி கீழ போயிருச்சு. தவளைக்குக் கல்யாணம் பண்ணுனா எறங்கும்னு ஒரு நம்பிக்கைதான். பொண்ணு நம்ம ஓடைல புடிச்சது. மாப்பிள்ளை நாச்சிமுத்து தானமாக் குடுத்தது. வெளியூரு. ராசா மாதிரி இருக்கான்!"

"அக்கா, அதுக்கு இன்னும் டெஸ்ட் முடிவு வரல. பூஞ்சைத் தவளையை ஓடையில் விடக் கூடாது."

"அதானே நீங்க சுவத்துல போட்டிருக்கறது? அதைப் பாத்துத்தான் நானே நேர்ல போயித் தேடுனேன். முன்னெல்லாம் கெடைக்கற நோஞ்சானப் புடிச்சுக் கட்டி வெப்போம். இந்தவாட்டி கவருமெண்டு சொல்லிருச்சேன்னு கொழுகொழுன்னு பாத்து எடுத்தது. துளி பூஞ்சையா இருந்தாச் சொல்லுங்க, வேற மாப்பிள்ளை பாக்கறேன்."

எதிரே இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

டாக்டருக்குப் போன் போட்டேன். "மேடம், அதுக்கு நோய் இருந்து, ஓடைல இறங்கிட்டா, திரும்ப எடுக்கவே முடியாது. தண்ணிய வடிகட்டவா முடியும்?" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பே, படிக்கும் காலத்தில், அந்த ஓடையில் எத்தனை மழைக்காலம் டார்ச்சும் கையுமாக உட்கார்ந்து அந்தக் கட்டைவிரல் தவளைகளை எண்ணியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைத் திருநாள். பாயசம் அடி பிடித்தது.

ரேஞ்சரைப் போனில் பிடித்தேன். கல்யாணத்தை நிறுத்தலாமா என்றேன். "சாமி காரியம். கையில ரிப்போர்ட்டும் இல்ல. ஊரைப் பகைச்சுக்காம, தவளையும் ஓடைக்குப் போகாம, பாத்துக்கங்க மேடம்" என்றார். எங்கள் ரேஞ்சர் எதற்கும் "பாத்துக்கங்க" என்பார். அவர் அறையில் பல்லி விழுந்தபோதும் அதையேதான் சொன்னார்.

நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? கண்ணை மூடிக்கொண்டுதானே தவளையைப் பார்ப்பேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்னும் சாப்பிடக்கூட இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

கோயில் வாசலில் வாழைமரம், பந்தல், மேளம். ஊரே திரண்டிருந்தது. நாச்சிமுத்து பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் மாப்பிள்ளைக்கு அப்பாவாக நின்றார். மாப்பிள்ளையைத் தாம்பாளத்தில் உட்கார வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கால்வாசி முகத்துக்குச் சந்தனம். அதே தாம்பாளத்தின் மறு ஓரத்தில் ஓடையழகி. அவ்வளவுதான், கட்டைவிரல் அளவு. பழுப்பு நிறம், மல்லிகைச் சரத்துக்குள் இருப்பதே தெரியவில்லை. மயிலாத்தாள் அக்கா பெண்ணுக்கு அம்மா. கண்ணெல்லாம் ஈரம்.

கெட்டிமேளம் கொட்டும் நேரம் மாப்பிள்ளை மெதுவாகப் பெண் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ள சிரிக்கறாரு!" என்று கூட்டம் குலவையிட்டது.

"ஐயோ, தின்னப் போகுது!" என்று டாக்டர் அலறினார். கொம்புத் தவளை வாயில் அடங்கும் எதையும் விழுங்குமாம், தன் இனத்தையும்கூட. டாக்டர் பாய்ந்து போய்ப் பெண்ணின்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்தார். மாப்பிள்ளையின் வாய் டம்ளரில் 'டங்' என்று மோதியது. மஞ்சள் கயிற்றை டம்ளருக்கு மேலேயே வைத்துக் கல்யாணத்தை முடித்தார்கள்.

அடுத்தது ஓடை. தாம்பாளத்தைத் தலைமேல் வைத்து ஊர்வலம் கிளம்பியது. டாக்டர் குறுக்கே நின்று ஏதேதோ சொன்னார், காளான் என்றார், தொற்று என்றார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? ஓடைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. என் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"மாப்பிள்ளையை ஓடையில விட்டா, அவர் வீட்டோட மாப்பிள்ளை ஆயிட மாட்டாரா?"

மேளம் நின்றது.

"ஓடை பொண்ணு வீடு" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கல்யாணம் ஆன அன்னிக்கே மாப்பிள்ளை பெட்டி படுக்கையோட பொண்ணு வீட்டுல போய் இறங்கினா ஊர் என்ன பேசும்? முறையாப் பொண்ணுதானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நாச்சிமுத்துவின் முகம் சிவந்துவிட்டது. இதுவரை அவருக்கு இது தோன்றவே இல்லை பாவம். "அதானே! என்ற பையன் என்ன வக்கத்தவனா? வீட்டோட மாப்பிள்ளையா எவன் அனுப்புவான்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

மயிலாத்தாள் அக்கா யோசித்தார். "நாயமான பேச்சுதான்" என்றார்.

ஆனால் கடைக்கு அனுப்ப முடியாது. கடைத் தொட்டித் தண்ணீர் நேராக ஓடைக்குப் போகும் சாக்கடையில்தான் விழுகிறது என்று டாக்டர் காதில் சொன்னார். ஆகவே, "மாப்பிள்ளை வெளிநாடு. அரசாங்க விருந்தாளி. அதனால அரசாங்கத்தின் சார்பா என் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

ஆரத்தி சுற்றி அனுப்பி வைத்தார்கள். தனித்தனி டப்பாவில் போட்டு டாக்டர் என் மடியில் வைத்தார். ஆட்டோவில் வழி நெடுக நான் கண்ணைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அலுவலகப் பதிவேட்டில் இரண்டும் 'வழக்குப் பொருள்' என்று பதிவாகிவிட்டன. பெரியது வ.பொ. 1, சின்னது வ.பொ. 2. எங்கள் பின்பக்கக் குளியலறையில் ஆளுக்கொரு தொட்டி. டாக்டர் கையுறையும் பிளீச்சிங் பவுடரும் தந்து விதிகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தொட்டித் தண்ணீரைப் பிளீச்சிங் பவுடர் கலக்காமல் கீழே ஊற்றக் கூடாது. சின்னதை முடித்த பிறகே பெரியதைத் தொட வேண்டும். கை கழுவ வேண்டும், செருப்பு கழுவ வேண்டும்.

இவருக்குக் குளியலறைத் தடை. ரீவைண்டிங் கடைப் பின்புறக் குழாயில் குளித்துவிட்டு, "மாப்பிள்ளைக்குக் குடுக்கற மரியாதையில பாதி எனக்குக் குடுத்திருந்தா நானும் இந்நேரம் தேறியிருப்பேன்" என்று முனகினார்.

வ.பொ. 1 இன்று கரப்பான் இரண்டு சாப்பிட்டது. மூன்றாவதைப் பிடித்துக் கொடுத்தேன், இடுக்கியால். பசியோடு பார்த்தால் எனக்குப் பொறுக்காது. இது அலுவலக நடைமுறைதான், வேறொன்றுமில்லை.

மாலை மயிலாத்தாள் அக்காவிடமிருந்து போன். "அம்மிணி, நாளைக்கு மறுவூடு. பொண்ணு மாப்பிள்ளைய அழைச்சிட்டுப் போயி ஓடைல விருந்து வெக்கோணும். ஊரோட வாரோம்."

மறுவீடு! மாப்பிள்ளை வீட்டு நியாயம் பேசியவள் மறுவீட்டை எப்படி மறந்தேன்? தாலி கட்டிய மூன்றாம் நாள் பெண் வீட்டுக்கு ஜோடியாகப் போகாத மாப்பிள்ளை இந்தச் சீமையில் உண்டா?

ஏப்ரல் 18, வெள்ளி

காலை டாக்டர் போன். ஆய்வக முடிவு வந்துவிட்டது. வ.பொ. 1க்கு நோய் உண்டு.

அன்று ஓடையில் இறங்கியிருந்தால்? தாம்பாளம் தண்ணீருக்கு எத்தனை பக்கத்தில் இருந்தது!

டாக்டர் வந்து சேர்வதற்குள் மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. சீர்த்தட்டு, பழம், பலகாரம், டப்பாவில் வெட்டுக்கிளி. முன்னால் மயிலாத்தாள் அக்கா, பின்னால் பட்டுச் சட்டையில் நாச்சிமுத்து. வாசலில் நான், என் பக்கத்தில் இவர்.

"மாப்பிள்ளையை அனுப்ப முடியாது. அவருக்குப் பூஞ்சை" என்றேன்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. "ஏனுங், ரெண்டு நாள்ல எளைச்சுப் போயிட்டாரா? நீங்க ஒண்ணும் போடறதில்லீங்களா?" என்று ஒரு குரல். "சோத்துக்கு இல்லாத வீட்டுலயா உட்டோம்?" என்று இன்னொரு குரல். நாச்சிமுத்து, "கொண்டாங்க எடை போடலாம்" என்றார்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். எலும்பெடுத்த தோள், ஒட்டிய கன்னம், தொளதொள சட்டை. ஊர் முழுக்க அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் என்று இவர் உருவத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அப்போது நான் மூன்று தடவை உரக்க "நோட்டீஸ் எழுதினது நான், நான் எழுதினது தப்பு" என்று சொன்னதாக இவர் சொல்கிறார். எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. மேளக்காரரும் அப்படித்தான் சொல்கிறாராம். மேளக்காரருக்குக் காது மந்தம்.

எனக்கு நினைவிருப்பது அடுத்து நான் சொன்னது. "இளைக்கல அக்கா. மாப்பிள்ளைக்குத் தோல் வியாதி. ஒட்டிக்கற வியாதி. வரும்போதே இருந்திருக்கு."

கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

"வியாதியா?" என்றார் மயிலாத்தாள் அக்கா. அவர் கையில் இருந்த தட்டு தாழ்ந்தது. "வியாதிய மறைச்சா கட்டி வெச்சாங்க?"

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் ஒரே திருப்பாக நாச்சிமுத்து பக்கம் திரும்பியது. நான் இத்தனை நாள் சுவரில் ஒட்டியும் ஏறாத விஷயம் ஒரே நொடியில் ஏறிவிட்டது. சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். நாச்சிமுத்து முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கே தெரியாதுங்க்கா! சென்னைல குடுத்த தம்பி நல்ல எடம்னு சொன்னானுங்..."

"எவனோ சொன்னான்னு கூட்டியாந்துருவியா? எந்தூரு, யாரு கைல வளந்தான், ஒடம்புல என்ன கோளாறு, டாக்டருகிட்டக் காட்டுனானா, ஒரு சீட்டாச்சும் இருக்கா, ஒண்ணும் விசாரிக்காம எம் புள்ளைய அவன் பக்கத்துல உக்கார வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு சம்பந்தியா?"

அந்நேரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய டாக்டர் கேட்டபடியே நின்றார். "அக்கா, சட்டமும் இதையேதான் கேக்குது" என்றார்.

"கேக்கும், கேக்காம? இனிமே இந்தூருக்குள்ள சீட்டு இல்லாம எந்தச் சீமைத் தவளையும் வரப்படாது. ஓடைப் பக்கமே வரப்படாது" என்று மயிலாத்தாள் அக்கா வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நாச்சிமுத்து பட்டுத் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு அக்கா என்னிடம் திரும்பினார். "செரி, ஆனது ஆச்சு. எம் பொண்ணக் குடுத்துருங்க அம்மிணி. நான் அவளக் கொண்டுபோயி ஓடைல உட்டுர்றேன்."

டாக்டர்தான் சொன்னார். இரண்டும் ஒரே தாம்பாளத்து மஞ்சள் தண்ணீரில் இருந்தவை. அவளுக்கும் ஒட்டியிருக்கலாம். அவள் ஓடைக்குப் போனால் அங்கிருக்கும் எல்லாவற்றுக்கும் போகும்.

மயிலாத்தாள் அக்கா பழத்தட்டில் ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"மத்த புள்ளைங்க இருக்குதே" என்றார். "இங்கயே இருக்கட்டும் அம்மிணி. பத்திரமாப் பாத்துக்கங்க."

ஏப்ரல் 19, சனி

நாச்சிமுத்து தானாகவே வந்தார். மாப்பிள்ளையோடு வந்த தொட்டி, சரளைக்கல், பாசி எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்படைத்தார். இரவெல்லாம் தூங்கவில்லையாம். "ஊருல ஒருத்தரும் மூஞ்சி குடுக்க மாட்டீங்கறாங்க மேடம். டீக்கடைல 'வாங்க சம்பந்தி'ங்கறாங்க" என்றார். அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. காபி கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

தினமும் இரண்டுக்கும் மருந்துக் குளியல். வ.பொ. 1ஐ மருந்துத் தண்ணீரில் வைத்தால் வயிற்றை ஊதிக்கொண்டு என்னை முறைக்கிறது. "கொஞ்ச நேரம்தான், இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் இவர்.

"வழக்குப் பொருள்கிட்டயா பேசற?"

"வாய்மொழி உத்தரவு" என்றேன்.

மே 9, வெள்ளி

ரேஞ்சர் கூப்பிட்டு, ஊரில் இப்போது எவரும் வெளிநாட்டுத் தவளை வாங்குவதில்லையே, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். பார்த்துக்கொண்டேன் என்றேன்.

மே 22, வியாழன்

வ.பொ. 1க்கு நோய் போய்விட்டது. இரண்டு தடவை சோதித்தும் இல்லை. ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் கண்ணாடி அறைக்குள் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். இன்று வண்டி வந்தது.

டப்பாவில் நானே எடுத்து வைத்தேன். கையுறை போட்டிருந்தேன், கண்ணை மூடவில்லை. உள்ளங்கையில் சில்லென்று, கனமாக, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறேன் என்று அதுவா கேட்டது? யாரோ பிடித்தார்கள், யாரோ பொட்டலம் கட்டினார்கள், எவரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

வண்டி போனதும் அழுதேன். பிளீச்சிங் பவுடர் காரணமல்ல.

டாக்டர் கிளம்பும்போது கூச்சத்தோடு ஒன்று சொன்னார். ஆண் தவளைதான் கத்துமாம், இது இவ்வளவு பெரிதாக இருந்தும் ஒரு தடவைகூடக் கத்தவில்லையாம், ஆகவே மாப்பிள்ளை பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமாம். இதை ஊருக்குள் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

ஓடையழகிக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. மயிலாத்தாள் அக்கா மில்லை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அப்பக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

டாக்டர் உதட்டைக் கடித்தார். சோதனையில் தப்பியது துளி இருந்தாலும் போதும் என்றார். இத்தனை நாள் வெளித்தண்ணீரில், வேறொன்றின் பக்கத்தில் இருந்தவள். நூற்றுக்கு நூறு என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது, ஒரு ஓடையை வைத்துப் பந்தயம் கட்டவும் முடியாது என்றார். அக்கா தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது வெள்ளிக்கிழமைதோறும் வரட்டுமா என்று கேட்டார். தாராளமாக வாங்க என்றேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று பிற்பகல் மழை பிடித்தது. நல்ல மழை. கூரைத் தகரம் அதிர்ந்தது. இவர் கடையை மூடிவிட்டு நனைந்து வந்து, தவளைக் கல்யாணத்தால்தான் மழை என்று ஊர் சொல்கிறது, பருவமழை என்று டாக்டர் சொல்கிறார், நீ எந்தக் கட்சி என்று கேட்டார். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மழை கொஞ்சம் விட்டதும் மயிலாத்தாள் அக்கா வந்தார். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. டிபன் பாக்ஸ் நிறைய ஈசல். "மொத மழை ஈசல், அவளுக்கு ரொம்பப் புடிக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

குளியலறையில் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்தோம். ஓடையழகி இரண்டு ஈசல் தின்றாள். அப்போது ஓடைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாமல். கூழாங்கல்லைக் கூழாங்கல்லோடு தட்டுவது போல. இந்த ஊருக்கு வந்த நாளாக இந்தச் சத்தத்துக்குத்தான் நான் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் டாக்டர் ஓடைத் தவளைகளைப் பிடித்துப் பிடித்துச் சோதித்தார். ஒன்றுக்கும் நோய் இல்லை. எல்லாம் அங்கேயே இருக்கின்றன, எல்லாம் கத்துகின்றன.

ஓடையழகி ஈசலை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் இரண்டு முன்கால்களையும் வைத்து நின்றாள். அசையவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "ஜன்னலைச் சாத்திடட்டுமா அக்கா?" என்றேன்.

மயிலாத்தாள் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "வேண்டாம் அம்மிணி. கட்டிக்குடுத்த புள்ளைக்குப் பொறந்த வூட்டுச் சத்தமாச்சும் கேக்கட்டும்."

ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். சாரல் அடித்து டாக்டர் ஒட்டிய விதித் தாள் நனைந்து கிழிந்துவிட்டது. நாளைக்கு வேறு எழுதி ஒட்ட வேண்டும்.